ஆக்ஸலேட்டும் பி6 மாத்திரையும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிலர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்கள். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ மூவருக்கோ இருக்கும் நோயைப் பற்றி எதற்கு ஒரு மணி நேரப் பேச்சு, சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினால் அரங்கில் பாதிப்பேருக்குப் பயன்படுமே என்றார்கள். நியாயம்தான். ஆனால் சர்க்கரையைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. வைட்டமின் என்றால் ‘உடம்புக்குச் சத்து, சாப்பிட்டால் நல்லது’ என்று பொதுவாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு வைட்டமின் சத்தாக இல்லாமல் மருந்தாக வேலை செய்வது எப்படி, யாருக்குச் செய்யும், யாருக்குச் செய்யாது, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதையெல்லாம் இந்த நோயைப் போலத் தெளிவாகக் காட்டும் நோய் எனக்குத் தெரிந்து வேறில்லை.

நோயின் முழுப் பெயர் பிரைமரி ஹைப்பர்ஆக்ஸலூரியா, முதல் வகை. மருத்துவமனையில் பி.எச்.1 என்று சுருக்கிச் சொல்வோம். நம் கல்லீரலில் நடக்கும் வேதிவினைகளுக்கு நடுவே கிளையாக்ஸிலேட் என்றொரு பொருள் உண்டாகிறது. அதைக் கிளைசின் என்ற அமினோ அமிலமாக மாற்றிக் காரியத்துக்கு உதவச் செய்யும் நொதிக்கு ஏஜிடி என்று பெயர். அந்த நொதி பழுதானால் கிளையாக்ஸிலேட் ஆக்ஸலேட்டாக மாறிவிடும். ஆக்ஸலேட்டைச் சிதைக்க மனித உடம்பில் எந்த நொதியும் கிடையாது. அது வெளியேற வேண்டுமானால் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நல்ல நிலையில் உள்ள ஒருவரின் ஒருநாள் சிறுநீரில் 40, 45 மில்லிகிராமுக்குள் ஆக்ஸலேட் இருக்கும். இந்த நோயாளிகளிடம் பெரும்பாலும் அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருக்கும்.

அத்தனை ஆக்ஸலேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது. சிலருக்குக் கல்லாக வருகிறது, சிலருக்குச் சிறுநீரகத் திசுவுக்குள்ளேயே படிந்து போகிறது. பயாப்ஸித் துணுக்கைத் துருவ ஒளியில் வைத்துப் பார்த்தால், மங்கிக் கிடக்கும் திசுவுக்கு நடுவே படிகங்கள் பல வண்ணத்தில் மின்னும். பார்க்க அழகாக இருக்கும். பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும். சிறுநீரகம் தளர்ந்ததும் ஆக்ஸலேட் இரத்தத்தில் ஏறி எலும்பு, விழித்திரை, இதயம், தோல் என்று போகுமிடமெல்லாம் படிகிறது. இத்தனைக்கும் மூலகாரணமான கல்லீரலோ மற்றபடி முழு ஆரோக்கியத்தோடு இருக்கும், வழக்கமான கல்லீரல் பரிசோதனையில் ஒரு குறையும் தெரியாது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

நோய் எல்லாருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. சில குழந்தைகளுக்குப் பிறந்த முதல் ஆண்டிலேயே சிறுநீரகம் செயலிழந்துவிடும். சிலருக்குப் பள்ளி வயதில் கல் வரும், எடுப்பார்கள், மறுபடி வரும். இன்னும் சிலருக்கோ, வேறொருவர் தந்த சிறுநீரகத்தைப் பொருத்தி அதுவும் படிகத்தால் கெட்ட பிறகுதான் நோயின் பெயரே தெரியவருகிறது. இந்தக் கடைசி வகை நடக்கக்கூடாத ஒன்று. கேள்வி நேரத்தில் அதற்கு வருகிறேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன ஆதங்கம். கல்லை ஷாக் வேவ் வைத்து உடைக்கிறோம், எண்டோஸ்கோப்பி வழியாக எடுக்கிறோம், எடுத்த கல்லை நோயாளியின் கையில் பொட்டலமாகக் கொடுத்தனுப்புகிறோம். அந்தக் கல்லைப் பரிசோதனைக்கு அனுப்புவது குறைவு. பாரிஸில் மிஷேல் தோதோனும் அவருடைய குழுவினரும் 2008-இல் எழுதிக் காட்டினார்கள்: பி.எச்.1 நோயாளியின் கல் சாதாரணக் கால்சியம் ஆக்ஸலேட் கல்லைப் போல் பழுப்பாக, இறுக்கமாக இருக்காது. வெளிறிய நிறத்தில் தளர்ந்த அமைப்போடு இருக்கும். பொட்டலத்துக்குள் இருப்பது நோயின் அடையாளச் சீட்டு. அதைத்தான் பிரிக்காமல் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்.

இனி வைட்டமினுக்கு வருவோம்.

குழந்தை ஒன்றின் சிறுநீரகத்தில் இப்படிப் படிகங்கள் நிறைந்திருந்ததைப் பிரான்ஸைச் சேர்ந்த லெபூத்ர் 1925-லேயே எழுதிவைத்தார். 1950-களில் லண்டனில் ஸ்கோவன், வாட்ஸ் முதலியோர் இது உணவால் வரும் கோளாறு அல்ல, உடம்புக்குள் ஆக்ஸலேட் உற்பத்தியாவதில் உள்ள கோளாறு என்று நிறுவினார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில், நோயோடு நேரடித் தொடர்பே இல்லாத ஒரு சோதனை ஹார்வர்டில் நடந்தது. ஸ்டான்லி கெர்ஷாஃப் குழுவினர் பூனைகளுக்கு பி6 இல்லாத உணவைக் கொடுத்தார்கள். பூனைகளின் சிறுநீரில் ஆக்ஸலேட் ஏறியது, சிறுநீரகங்களில் படிகம் நிறைந்தது. 1959-இல் அது வெளியானது. பி6 குறைந்தால் ஆக்ஸலேட் கூடுகிறது என்றால், ஆக்ஸலேட் கூடியவர்களுக்கு பி6 கொடுத்துப் பார்க்கலாமே என்று மருத்துவர்களுக்குத் தோன்றியது. 1960-களில் கொடுத்தும் பார்த்தார்கள்.

சிலருக்குக் குறைந்தது. சிலருக்கு அசையவே இல்லை. குறைந்தவர்களுக்கும் முன்பு பி6 பற்றாக்குறை ஏதும் இருந்ததில்லை. நாளொன்றுக்கு ஒரு பெரியவருக்கு வேண்டியது சுமார் 1.3 மில்லிகிராம். இவர்களுக்குக் கொடுத்ததோ நூற்றுக்கணக்கில். குறையே இல்லாத ஒரு சத்தை நூறு மடங்கு கொடுத்தால் சிலருக்கு மட்டும் ஏன் வேலை செய்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. பதில் தெரியாமலேயே மருத்துவர்கள் மாத்திரையை எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் படித்த காலத்துப் பாடநூலில் ‘பி6 கொடுத்துப் பார்க்கலாம்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது, காரணம் இல்லாமல்.

காரணத்தின் முதல் பாதி எளிது. ஏஜிடி நொதி தன்னந்தனியாக வேலை செய்யாது. பி6 உடம்புக்குள் போய்ப் பிரிடாக்ஸல் பாஸ்பேட் என்ற வடிவம் எடுக்கிறது. அது ஒட்டிக்கொண்டால்தான் நொதி இயங்கும். லண்டனை அடுத்த ஹாரோவில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் மையத்தில் பணியாற்றிய கிறிஸ்டஃபர் டான்பியூரும் ஜென்னிங்ஸும் 1986-இல் நோயாளிகளின் கல்லீரல் துணுக்குகளை ஆராய்ந்து, பி.எச்.1-இல் பழுதானது ஏஜிடி நொதிதான் என்று கண்டார்கள்.

இரண்டாம் பாதிதான் அதிசயம். சில நோயாளிகளின் கல்லீரலில் ஏஜிடி இருந்தது. சோதனைக் குழாயில் வேலையும் செய்தது. நோய் மட்டும் இருந்தது! எங்கே கோளாறு என்று தேடியபோது இடம்தான் தவறு என்று தெரிந்தது. மனிதரில் இந்த நொதி இருக்கவேண்டிய இடம் கல்லீரல் செல்லுக்குள் உள்ள பெராக்ஸிசோம் என்ற சிற்றறை. கிளையாக்ஸிலேட் உண்டாவதும் அங்கேதான். இந்த நோயாளிகளிடமோ நொதியில் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவில் போய் உட்கார்ந்திருந்தது. தவறான மாறுதல் உத்தரவால் வேறு ஊர் தாலுகா அலுவலகத்தில் சேர்ந்துவிட்ட நல்ல எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் திறமைசாலி, தினமும் வேலைக்கும் வருகிறார், ஆனால் கோப்புகள் எல்லாம் பழைய ஊரில் குவிந்து கிடக்கின்றன.

உத்தரவு எப்படித் தவறியது? 1990-இல் டான்பியூரின் குழு அதையும் கண்டுபிடித்தது. ஏஜிடி புரதத்தில் 11-ஆவது இடத்தில் புரோலின் இருக்கவேண்டும். ஐரோப்பியரில் மரபணுப் பிரதிகள் ஐந்தில் ஒன்று என்ற அளவில் அங்கே லியூசின் இருக்கிறது. அதனால் தனியாக ஒரு தீங்கும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகச் சொல்லும் ஒரு மெல்லிய முகவரி மட்டும் புரதத்தின் தொடக்கத்தில் உண்டாகிவிடுகிறது. அதோடு 170-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்தால்தான் விபரீதம். மைட்டோகாண்ட்ரியாவின் வாசல், புரதம் மடிந்து முடிவதற்கு முன் நூலாக இருக்கும்போதுதான் அதை உள்ளே விடும். பெராக்ஸிசோமோ மடிந்து இரண்டிரண்டாக இணைந்துவிட்ட புரதத்தையும் ஏற்றுக்கொள்ளும். 170-ஆவது இடத்தின் பிழை மடிப்பையும் இணைப்பையும் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தில் மெல்லிய முகவரிக்கு வலு வந்துவிடுகிறது, நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுக்கப்படுகிறது.

இப்போது பி6-ஐ அதிகமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். பிரிடாக்ஸல் பாஸ்பேட் விரைந்து வந்து ஒட்டிக்கொள்ளும்போது புரதம் நிலைத்து நிற்கிறது, சீக்கிரம் மடிகிறது, மைட்டோகாண்ட்ரியாவின் வாசலுக்குள் நுழைய முடியாமல் போகிறது. போகவேண்டிய பெராக்ஸிசோமுக்குப் போய்ச் சேருகிறது. செல்களில் இதைச் செய்து காட்டிய ஆய்வு, டான்பியூரும் ஃபார்க்கும் மற்றவர்களும் எழுதியது, 2013-இல் வந்தது. நொதியின் அளவும் வேகமும்கூட பி6-ஆல் ஏறுவதை அதே ஆய்வு காட்டியது. பூனைக்குக் கொடுத்த உணவில் தொடங்கிய விசாரணைக்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு விடை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புலால் உண்ணும் விலங்குகளில் ஏஜிடி பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருக்கும், இலை தழை தின்பவற்றில் பெராக்ஸிசோமில். பூனைக்கு இயல்பான இடம் மனிதருக்கு நோயாக அமைகிறது. நம் முன்னோர் வெகுகாலம் காய் கனி தின்றே வாழ்ந்தார்கள் என்பதற்கு நம் கல்லீரல் சாட்சி சொல்கிறது என்று டான்பியூர் கருதினார். சைவ உணவு நண்பர்கள் கைதட்டலாம்.

எல்லா நோயாளிகளிடமும் இதே பிழை இல்லை. ஏஜிடி நொதிக்கான ஏஜிஎக்ஸ்டி மரபணுவில் இருநூறுக்கும் குறையாத பிழைகள் பதிவாகியுள்ளன. சிலவற்றில் நொதி உண்டாவதே இல்லை. இல்லாத நொதியை எந்த வைட்டமினும் மடித்துத் தர முடியாது. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் மோனிக்கோ, மில்லினர் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை நோயாளிகளிடமே காட்டியது: 170-ஆவது இடத்துப் பிழை இரண்டு பிரதியிலும் இருந்தவர்களுக்கு பி6-ஆல் ஆக்ஸலேட் ஏறக்குறைய இயல்பு நிலைக்கு வந்தது, ஒரு பிரதியில் இருந்தவர்களுக்கு ஓரளவு குறைந்தது, இல்லாதவர்களுக்கு அசையவில்லை. ஜெர்மனியில் 12 பேரை வைத்து 24 வாரம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில் பாதிப் பேருக்குத்தான் 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. நோயின் இரண்டாம், மூன்றாம் வகைகளில் பழுதாவது வேறு நொதிகள். அவற்றில் பி6-க்கு இடமே இல்லை.

நம் பக்கத்து நிலைமையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த 170-ஆவது இடத்துப் பிழை ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் பரவலானது. நம்மவரிடம் அது இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. ஆனால் வேறு சில பிழைகளும் பி6-க்கு இணங்குகின்றன. ஆகவே பி.எச்.1 என்று உறுதியானவருக்கு, மரபணு முடிவு வரும்வரை காத்திராமல், பி6 தொடங்கிவிடலாம். இழப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று மாதம் கொடுத்து, அளந்து பார்த்து, குறைந்திருந்தால் தொடரவேண்டும், குறையாவிட்டால் நிறுத்தவேண்டும். நம் ஊரில் வைட்டமினைத் தொடங்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நிறுத்தத்தான் ஆளில்லை.

அளவு என்ன? உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். எட்டுக் கிலோக் குழந்தைக்கு 40 மில்லிகிராம், அறுபது கிலோப் பெரியவருக்கு 300. முன்பு 20 வரை ஏற்றினார்கள். இப்போதைய ஐரோப்பிய வழிகாட்டுதல் 5-க்கு மேல் போகவேண்டாம் என்கிறது. மாத்திரையின் விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களுக்குக் கைகால் எரிச்சல் வராமல் இருக்கக் கூடவே கொடுக்கும் அதே மாத்திரைதான். அந்த எரிச்சலைத் தடுக்க மிகக் குறைந்த அளவு பி6 போதும் என்று காட்டிய ஆய்வு 1960-களில் நம் சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தில் நடந்தது. அங்கே பி6 போட்டது குறையை நிரப்பும் வேலை, இங்கே போடுவது வேறு வேலை. மாத்திரை ஒன்றே.

மாத்திரை எளிது, அளப்பதுதான் பாடு. 24 மணி நேரச் சிறுநீர் பிடிப்பதை ஆய்வகச் சீட்டில் ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். வீட்டில் அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளை எழுந்து போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட வேண்டும். பாதிப்பேர் அதைத்தான் பத்திரமாகக் கேனில் ஊற்றுகிறார்கள். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு துளியும் கேனுக்குள் போகவேண்டும். மறுநாள் காலை ஏழு மணிச் சிறுநீரோடு கணக்கு முடியும். படிகம் அடியில் தங்காமல் இருக்கக் கேனுக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியிருப்பார்கள். பிள்ளையை நேராகக் கேனில் போகவிட்டால் அமிலம் தெறிக்கும், வேறு டம்ளரில் பிடித்து ஊற்றவேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. நடுவே பிள்ளை ஒருமுறை கழிப்பறைக்குத் தனியாகப் போய் வந்துவிட்டால் அம்மா சொல்லப் பயந்து அப்படியே கொண்டுவருவார். அதனால்தான் கிரியாட்டினினையும் சேர்த்து அளந்து கணக்கு முழுமையா என்று சரிபார்க்கிறோம். கைக்குழந்தைக்கு இதெல்லாம் ஆகாது. ஒரே ஒரு முறைச் சிறுநீரில் ஆக்ஸலேட்டுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தை வயதுக்கேற்ற அளவோடு ஒப்பிட வேண்டும். ஒரு முறை பார்த்து முடிவு கட்டக்கூடாது. பி6 தொடங்குமுன் இரண்டு மூன்று முறை, தொடங்கிய பின் இரண்டு மூன்று முறை. இந்தக் கேன்கள் சரியாக வந்தால்தான் அந்த மலிவு மாத்திரைக்கு அர்த்தம் உண்டு.

பி6-க்கு இணங்காதவர்கள் கதி? தண்ணீர்தான் இன்றும் முதல் மருந்து. உடற்பரப்பு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று கணக்கு. இரவிலும் சேர்த்துத்தான். கைக்குழந்தைக்குக் குழாய் வழியாகக்கூடக் கொடுக்கவேண்டி வரும். கூடவே பொட்டாசியம் சிட்ரேட். 2020 நவம்பரில் லூமாசிரன் என்ற ஊசிக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. கிளையாக்ஸிலேட் உண்டாவதற்கு ஒரு படி முன்னதாகவே ஒரு நொதியின் உற்பத்தியை அது அடக்கிவிடுகிறது. 39 பேரை வைத்து நடந்த ஆய்வில் சிறுநீர் ஆக்ஸலேட் சராசரியாக 65 சதவீதம் குறைந்தது. 2023-இல் நெடோசிரன் வந்தது. இரண்டும் அருமையான மருந்துகள். லூமாசிரன் அறிமுகமானபோது அமெரிக்காவில் அறிவித்த சராசரி ஆண்டு விலை ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலர். டாலரை ரூபாயாக மாற்றும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பி6-ஆல் ஆக்ஸலேட் முழுதாக இறங்கியவருக்கு அந்த ஊசியே தேவைப்படாமல் போகலாம். அப்படிப்பட்டவர் நம்மிடையே ஒரே ஒருவர் இருந்தாலும் அவரைத் தேடிப்பிடிப்பது நம் பொறுப்பு.

தேட எங்கே போவது? குடும்பத்துக்குள்ளேதான். தாய், தந்தை இருவரும் ஒவ்வொரு பழுதான பிரதியைச் சுமந்தால்தான் நோய் வரும். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும் வழக்கம் உள்ள சமூகத்தில், அதிலும் அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் உள்ள இடத்தில், ஒரே பழுது இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. துனிசியாவில் சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகளில் சுமார் 13 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருந்ததாக ஓர் ஆய்வு சொன்னது, அங்கும் சொந்தத்தில் மணமுடிப்பது அதிகம். நான் கல்யாணப் பேச்சில் தலையிட வரவில்லை. ஒரு பிள்ளைக்கு நோய் தெரிந்தால் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எல்லாரையும் அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதியுங்கள் என்றுதான் கேட்கிறேன். சிறுநீரகம் கெடுமுன் பிடித்தால் பி6-க்கும் தண்ணீருக்கும் வேலை இருக்கிறது.

எழுதித் தந்த கேள்விகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

‘பசலைக்கீரை, தக்காளி நிறுத்தினால் சரியாகுமா?’ சாதாரணக் கல்லுக்குப் பசலைக்கீரையைக் குறைப்பது பயன்தரும், தக்காளிமேல் பழி போடுவது அநியாயம். பி.எச்.1-இல் ஆக்ஸலேட்டின் பெரும்பகுதி கல்லீரலிலேயே உண்டாகிறது. பத்தியத்தால் பெரிதாக எதுவும் மாறாது. வாழைத்தண்டுச் சாறு குடித்தால் அதிலுள்ள தண்ணீர் நல்லது. ஆனால் வைட்டமின் சி மாத்திரைகளைத் தொடவேண்டாம். அதிக அளவில் போகும் வைட்டமின் சி உடம்பில் ஆக்ஸலேட்டாகவே மாறுகிறது.

‘எனக்குச் சாதாரணக் கல்தான். பி6 சாப்பிடலாமா?’ வேண்டாம். உங்கள் நொதி சரியான இடத்தில்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 விழுங்கிய ஏழு பேர் நடக்கத் தடுமாறிக் கைகால் உணர்வு இழந்ததை 1983-இலேயே எழுதியிருக்கிறார்கள். இதைவிடக் குறைந்த அளவை நீண்டகாலம் எடுத்தவர்களுக்கும் நரம்புப் பாதிப்பு வந்ததுண்டு. பி.எச்.1 நோயாளிகளிடமும் பாதம் மரத்துப் போகிறதா என்று கேட்டுக்கொண்டேதான் கொடுக்கிறோம்.

‘என் தம்பிக்கு இருபத்தாறு வயது, சின்ன வயதிலிருந்தே கல், இப்போது டயாலிசிஸ். அம்மா சிறுநீரகம் தரத் தயார். செய்துவிடலாமா?’ தேதி குறிப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். பழைய கல் ஏதாவது வீட்டில் இருந்தால் பரிசோதனைக்கு அனுப்பட்டும். சிறுநீர் வற்றிவிட்டதால் இரத்தத்தில் ஆக்ஸலேட் பார்க்கட்டும். அங்கே ஒரு சிக்கல், எந்தக் காரணத்தால் டயாலிசிஸ் செய்தாலும் அது ஓரளவு ஏறித்தான் இருக்கும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மூன்றாவதாக, ஏஜிஎக்ஸ்டி மரபணுவைப் பார்க்கட்டும், அதுதான் தீர்ப்பு. பி.எச்.1 என்று வந்தால் அம்மாவின் சிறுநீரகத்தை மட்டும் பொருத்துவது ஆபத்து. பழைய கல்லீரல் ஆக்ஸலேட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 1980-களில் வாட்ஸும் கேம்பிரிட்ஜில் ராய் கால்னும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பொருத்தும் வழியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் உங்கள் தம்பியிடம் இருப்பது பி6-க்கு நன்றாக இணங்கும் பிழை என்று தெரியவந்தால், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே சிறுநீரகத்தை மட்டும் பொருத்திப் பல ஆண்டுகள் நன்றாக இருப்பவர்கள் உண்டு. பொருத்திய பிறகும் எலும்பில் தங்கிய ஆக்ஸலேட் நெடுநாள் கரைந்து வெளிவரும், தண்ணீரையும் மாத்திரையையும் விடக்கூடாது. அம்மாவிடம் இந்த மாதம் தேதி வேண்டாம், மரபணு முடிவு வரட்டும் என்று சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து என்னைப் பாருங்கள், எந்தெந்தப் பரிசோதனை என்று எழுதித் தருகிறேன்.